படத்தில் தெரியாத சோர்வு: டாக்டர் பிலோமினா நினைவாக

டாக்டர் பிலோமினா அந்தோணிசாமி காலமாகிவிட்டார் என்ற செய்தி என் கைப்பேசிக்கு வந்தபோது, எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் ஒரு நோயாளி படுத்திருந்தார். முழங்கால் வலிக்காரர். பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் முழங்காலை முடித்து, அவரை இறக்கிவிட்டு, மருந்து வாங்கும் இடம் எந்தப் பக்கம் என்று அவர் கேட்டதற்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் செய்தியை மறுபடி படித்தேன். டாக்டர் பிலோமினா அருகில் இருந்திருந்தால் அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பார். அவருடைய மறைவு எதிர்பாராததும் அல்ல. ஆனாலும் அடுத்த நோயாளியைக் கூப்பிட எழுந்தவன், எதற்கு எழுந்தேன் என்பதை மறந்து கதவருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

நான் மலேசியாவில், சுங்கைப்பட்டாணி மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. படமெடுக்கும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன். டாக்டர்கள் கேட்கும் படத்தை எடுத்துக் கொடுப்பதோடு என் பொறுப்பு முடிந்தது. டாக்டர் பிலோமினா சில ஆண்டுகளாக வார இறுதிகளில் எங்கள் இயந்திரத்தைத் தம் ஆய்வுக்குப் பயன்படுத்தினார். நாட்பட்ட சோர்வு நோய் உள்ளவர்களின் மூளை எப்படி வேலை செய்கிறது என்பது ஆய்வு. ஒரு காய்ச்சல் வந்து போகும். காய்ச்சலோடு வந்த அசதி மட்டும் போகாது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், தங்கிவிடும். தூங்கினாலும் தீராது. இரத்தம் சோதித்தால் சரியாக இருக்கும். இதைக் கேட்டவுடன் உங்களுக்குத் தெரிந்த யாரையாவது 'சோம்பேறி' என்று நினைத்திருப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது அந்த நோயோடு கூடவே வருகிற ஒன்று. இந்தக் குறிப்பை அவரோடு வேலை செய்தவர்களுக்காகவும், அந்த ஆய்வுக்காக வந்து படுத்து எழுந்து போன கூலிம், பீடோங், பாடாங் மேஹா வட்டாரத்து மக்களுக்காகவும் எழுதுகிறேன்.

எங்கள் முதல் சந்திப்பே தகராறில்தான் தொடங்கியது. எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்பு போகக்கூடாது. இயந்திரம் பெரிய காந்தம். இரும்பைக் கண்டால் இழுத்துக்கொள்ளும். நம் பெண்களோ தாலிக்கொடியில் ஊக்கு மாட்டி வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு ஆகும் என்று ஒன்று, அதற்குத் துணையாக இன்னொன்று. ஊக்கை எடுங்கள் என்றால் எடுப்பார்கள். கொடியையும் கழற்றுங்கள் என்றால் முகம் மாறிவிடும். அன்று ஓர் அம்மாள் மாட்டவே மாட்டேன் என்றார். நானும் விடமாட்டேன் என்றேன். டாக்டர் பிலோமினா வந்து இருவரையும் பார்த்தார். தம் கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்குத் துண்டும் எடுத்து அந்த அம்மாளிடம் கொடுத்தார். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகும் கத்தோலிக்கப் பெண் நம் டாக்டர். "இதைக் கட்டிக்கிட்டு அதைக் கழட்டுங்கம்மா. முடிஞ்சதும் மாத்திக்கலாம்," என்றார். பிறகு என்னிடம், "இது சாமி விஷயம் இல்லைண்ணே, காந்த விஷயம். சண்டை எதுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து என் மேசை இழுப்பறையில் மஞ்சள் கயிறு உருண்டை ஒன்று இருக்கிறது.

அவர் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா அந்தத் தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸராக இருந்தவர். தோட்டத்தில் டிரெஸ்ஸர் என்றால் அரை டாக்டர். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகாமல் வீட்டில் படுக்க வேண்டுமானால் அவர் சொல்ல வேண்டும். அவர் தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பார். காய்ச்சல் இருந்தால் படுக்கலாம்; இல்லையென்றால் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போக வேண்டும். உடம்பு ஓய்ந்துபோய் நடக்க முடியாமல் வந்தவர்களையும் பாதரசம் ஏறவில்லை என்று திருப்பி அனுப்பினார். கெட்ட மனிதர் அல்லர். அவரிடம் இருந்த கருவி அவ்வளவுதான். இதை டாக்டர் பிலோமினா ஒருமுறை தேநீர் குடிக்கும்போது சொன்னார். சொல்லிவிட்டு, "எங்கப்பாகிட்ட ஒரு தெர்மாமீட்டர் இருந்திச்சு. என்கிட்ட இம்மாம் பெரிய மெஷின் இருக்கு. அவர் செஞ்ச தப்பை நானும் செய்யலாம்ணே, இன்னும் அதிகச் செலவுல," என்றார். அவர் சிரிக்காமல் வேடிக்கை பேசுவார். நான்தான் சிரித்தேன்.

அந்தத் தப்பு கிட்டத்தட்ட நடந்தும்விட்டது. இப்படிப்பட்ட ஆய்வில் நோயாளிகளை மட்டும் படமெடுத்தால் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதில் நோயில்லாதவர்களையும் எடுக்க வேண்டும். நோயில்லாதவர்களுக்கு எங்கே போவது? நோயாளிகளின் அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுக்காரர் என்று வந்தார்கள். பெரும்பாலோர் கூலிம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். நல்ல மனிதர்கள், கூப்பிட்டவுடன் வந்தார்கள். முதல் தொகுதிப் படங்கள் சேர்ந்தபோது இரண்டு கூட்டத்துக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆய்வில் இருந்த மற்ற டாக்டர்கள், 'மூளையில் வேறுபாடு இல்லை' என்று எழுதிவிடலாம் என்றார்கள். ஒருவர், இதெல்லாம் மனம் சம்பந்தப்பட்டது என்று தாம் முதலிலேயே சொன்னதாகச் சொன்னார்.

டாக்டர் பிலோமினா அடுத்த வாரம் மருத்துவமனை வாசலில் ஒரு கம்பெனி பஸ் நிற்பதைப் பார்த்தார். அதிலிருந்து இறங்கிய இளைஞர், கம்பெனிச் சட்டை போட்டபடியே நேராக எங்கள் பிரிவுக்கு வந்தார். அன்றைய ஆரோக்கியமான ஆள் அவர்தான்.

"தம்பி, நேத்து என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"வேலைதான் டாக்டர். நைட் ஷிப்ட்."

"அப்புறம் தூங்கினீங்களா?"

"இல்ல, பஸ்ஸ இங்கயே நிறுத்தச் சொல்லி வந்துட்டேன். அது பழகிருச்சுலா டாக்டர். நான் நல்லாத்தான் இருக்கேன்."

கேள்வித்தாளிலும் அவர் அப்படியே 'நலம்' என்று குறித்திருந்தார். முன்பு வந்தவர்களும் அப்படித்தான் குறித்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு வேலை முடிந்து வரும் அசதி அசதியே இல்லை. அதை டாக்டரிடம் சொல்வது மரியாதைக் குறைவு என்றும் நினைப்பார்கள். நோயாளிகளோ இதற்கு நேரெதிர். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், மானமாகப் போக வேண்டும் என்று முந்தைய வாரம் முழுவதும் படுத்து ஓய்வெடுத்து, தலைகுளித்து, நல்ல சேலை கட்டி வந்து, "எப்படி இருக்கீங்க?" என்றால் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்றார்கள். ஆக, நன்றாக ஓய்வெடுத்து வந்த நோயாளிகளையும், தூங்காமல் வந்த ஆரோக்கியசாலிகளையும் அடுத்தடுத்துப் படுக்கவைத்து, இரண்டும் ஒன்றுதான் என்று நாங்கள் எழுதவிருந்தோம். டாக்டர் பிலோமினா அந்தத் தொகுதி முழுவதையும் தள்ளிவைத்தார். அத்தனை வார இறுதிகளும் வீண். எனக்கு எரிச்சலாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "உங்க நேரம் போனது எனக்குத் தெரியும்ணே. ஆனா ஒண்ணுமில்லைன்னு எழுதினா, அந்தப் பேப்பரைக் காட்டியே ஆளுங்களை வேலைக்கு விரட்டுவாங்க," என்றார்.

அதன்பிறகு ஆய்வின் முறையை மாற்றினார். ஒரே நாளில் படமெடுப்பதை விட்டு, இரண்டு நாள் ஆக்கினார். முதல் நாள் ஒரு படம். அதன் பிறகு இடம் நகராத உடற்பயிற்சி சைக்கிளில் கொஞ்ச நேரம் மிதிக்க வேண்டும். மறுநாள் திரும்பி வந்து இன்னொரு படம். நோயில்லாதவர்களும் அதே அளவு மிதிக்க வேண்டும், முன்னால் நன்றாகத் தூங்கியிருக்கவும் வேண்டும். இந்த நோயின் குணமே உழைப்புக்கு மறுநாள் அடிப்பதுதான். மிதித்தால் உடம்பு மோசமாகும் என்பதை ஒவ்வொரு நோயாளியிடமும் அவரே உட்கார்ந்து சொன்னார். "வேணாம்னா இப்பவே போயிடலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்," என்பார். சிலர் போனார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

போகாதவர்களில் ஒருவர் தனலெட்சுமி. அவரைப் பற்றிச் சொல்லாமல் டாக்டர் பிலோமினாவைப் பற்றிச் சொல்ல முடியாது. தனலெட்சுமி கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருந்தவர். டிங்கிக் காய்ச்சல் வந்து பிழைத்தார். பிழைத்தவர் பழையபடி எழவில்லை. வேலை போயிற்று. கணவர் சேகரும் ஷிப்ட் வேலைக்காரர். அவருக்கு மனைவியின் நோயில் நம்பிக்கை இல்லை. முதல் முறை வந்தபோது எங்கள் எல்லோர் முன்னாலும் சத்தமாகவே சொன்னார்: "கல்யாண வீட்டுக்குப் போனா சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்கிறா டாக்டர். மறுநாள் நான் வேலை முடிஞ்சு வந்தா சோறுகூட வடிக்கல, படுத்துக் கெடக்கிறா. இது என்ன நோய்? மச்சான் வீட்டுக்குப் போனா மட்டும் வராத நோய்?" தனலெட்சுமி தலை குனிந்துகொண்டார். வெளியே சேகர் பார்க்கிங்குக்குப் போயிருந்தபோது டாக்டரிடம் மெதுவாகச் சொன்னார். கணவர் தம்மை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடப் போவதாகச் சொல்கிறார். மகளைச் சேகரின் அக்காவிடம் விட்டுவிடுவாராம். "படத்துல ஏதாவது தெரியும்ல டாக்டர்? தெரிஞ்சா அதை ஒரு காப்பி குடுங்க. மூளையிலதான் இருக்குன்னு அவர்கிட்ட காட்டிடுறேன். அது போதும் எனக்கு," என்றார்.

அந்த இடத்தில் நானாக இருந்தால் ஏதோ ஒரு படத்தை எடுத்து, ஏதோ ஓர் இடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்திருப்பேன். ஒரு குடும்பம் பிழைக்கும் என்றால் ஒரு வட்டத்தில் என்ன வந்துவிடப் போகிறது? இதை அவரிடமே சொன்னேன். டாக்டர் பிலோமினா மறுத்துவிட்டார். பலருடைய படங்களைச் சேர்த்துக் கூட்டமாகப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும், ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து இவருக்கு இந்த நோய் என்று சொல்லும் அளவுக்கு இந்தக் கல்வி வளரவில்லை என்றார். "நாளைக்கு வேற டாக்டர் அதே படத்தைப் பார்த்து நார்மல்னு சொல்லுவாரு. அது சரியான பேச்சாவும் இருக்கும். அப்ப இந்தப் பொண்ணு பொய்க்காரி ஆயிடுவாண்ணே," என்றார். தனலெட்சுமியிடமும் இதை மூடி மறைக்காமல் சொன்னார். அந்தப் பெண் அழுதார். எனக்கு டாக்டர் மீது கோபம்தான் வந்தது. கல் மனசு என்று நினைத்தேன்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு அப்போது புரியவில்லை. பார்க்கிங்கிலிருந்து திரும்பிய சேகரைக் கூப்பிட்டு, "நோயில்லாத ஆள் ஒருத்தர் தேவைப்படுது. நீங்களே வரலாமே? உங்க மனைவி செய்றதையே நீங்களும் செய்யணும், ரெண்டு நாள் லீவு போடணும். அதுக்கு முன்னால நைட் ஷிப்ட் இருக்கக்கூடாது," என்றார். ஆஸ்பத்திரிக்கு உதவி என்றதும் சேகர் நிமிர்ந்து நின்றார். "அதுக்கென்ன டாக்டர், நான் ரெடி," என்றார்.

முதல் நாள் இருவரும் வந்தார்கள். தனலெட்சுமி நல்ல சேலை கட்டி, பூ வைத்திருந்தார். சைக்கிளில் ஏறி மெதுவாக, சொன்ன அளவு மிதித்தார். இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கவும் செய்தார். சேகர் அவரைவிட வேகமாக மிதித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். போகும்போது இருவரும் வாசலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்கள். பார்த்தால் நோயாளி யார், ஆரோக்கியமானவர் யார் என்று சொல்ல முடியாது. சேகர் போகும்போது என்னிடம் கண்ணைக் காட்டி, "பாத்தீங்களாண்ணே? நல்லாத்தானே இருக்கா," என்றார்.

மறுநாள் தனலெட்சுமி காரிலிருந்து இறங்கவில்லை, இறக்கினார்கள். நான் சக்கர நாற்காலியோடு போனேன். வெளிச்சம் தாங்காமல் கண்களை மூடியிருந்தார். நர்ஸ் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. எந்தக் குடியிருப்பில், எந்தத் தாமானில் வீடு என்று கேட்டபோது வாயைத் திறந்தார், பேர் வரவில்லை. பிறகு "வருது, வருது" என்றார். வரவேயில்லை. சேகர் முதலில் பதறினார், பிறகு கோபப்பட்டார். "நேத்து நல்லாத்தானே இருந்தே? என்ன செஞ்சே?" என்று மனைவியைக் கேட்டார்.

டாக்டர் பிலோமினா அவர் பக்கம் திரும்பினார். "நேத்து ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருந்தீங்க? என்ன செஞ்சாங்க?"

"சைக்கிள் மிதிச்சா."

"நீங்க?"

"நானும் மிதிச்சேன். கூடவே மிதிச்சேன்."

"இன்னிக்கு உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். மிதிச்சதே மறந்து போச்சு," என்றார் சேகர். சொன்னதும் அவர் முகம் மாறியது.

டாக்டர் தனலெட்சுமியை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் படங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே பெஞ்சில் சேகர் தனியாக உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது, தண்ணீராவது கொடுக்கலாம் என்று எழுந்தேன். "விடுங்கண்ணே. எல்லாரும் ஒழுங்கா இருக்கிற நாளைத்தான் பார்க்கிறாங்க. மறுநாளைப் பார்க்க ஆளில்லை. அவர் வேலைக்குப் போயிடுவாரு, இவங்க தனியாப் படுத்திருப்பாங்க. இன்னிக்குத்தான் பார்க்கிறாரு," என்றார் டாக்டர். நான் உட்கார்ந்துவிட்டேன். படம் நமக்கு எதைக் காட்டுமோ தெரியாது என்றும், இன்று பார்க்க வேண்டியவர் வெளியே இருக்கிறார் என்றும் அவர் சொன்னது நினைவிருக்கிறது. அவர் நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

கிளம்பும்போது சேகர் மனைவியிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நம் ஆண்களிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. டாக்டரிடம் மட்டும், "இனிமே நான் என்ன செய்யணும் டாக்டர்?" என்று கேட்டார். "நாளைக்கும் லீவு போடுங்க. நாளைக்கும் பாருங்க," என்றார் டாக்டர் பிலோமினா. தனலெட்சுமி அம்மா வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. மகளும் எங்கும் போகவில்லை. சேகர் சோறு வடிக்கப் பழகிக்கொண்டார் என்று அடுத்த முறை வந்தபோது தனலெட்சுமி சொன்னார். குழைந்துவிடுகிறதாம்.

ஆய்வு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். புதிய தொகுதியில் இரண்டு கூட்டத்துக்கும் இடையே ஏதோ வேறுபாடு தென்பட்டது. நோயாளிகள் ஒரு சின்ன வேலையைச் செய்யவும் மூளையின் பல இடங்களை ஒருசேர இழுத்துப் பிடித்தார்கள் என்பது போன்ற ஒன்று. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். டாக்டர் பிலோமினா அதையும் 'இருக்கலாம்' என்ற சொல்லோடுதான் எழுதினார். காரணம் கண்டுபிடிக்கப்பட்டதா என்று ஒரு செய்தியாளர் தொலைபேசியில் கேட்டபோது, "இல்லை. தேடிக்கிட்டு இருக்கோம்னு போடுங்க," என்றார். அந்தச் செய்தி வரவே இல்லை.

பிறகு அவருக்கே நோய் வந்தது. புற்றுநோய். அதை என்னிடம் அடுத்த மாத வேலை அட்டவணையைச் சொல்வதுபோலச் சொன்னார். அவருக்கு நான்தான் படமெடுத்தேன். முடிந்து எழுந்து உட்கார்ந்ததும் தாமே திரைக்கு வந்து பார்த்தார். மறைக்க ஒன்றுமில்லை, பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும் அளவுக்கு இருந்தது. வெகுநேரம் பார்த்தார். "பாருங்கண்ணே, எனக்குப் பளிச்சுன்னு தெரியுது. இனிமே எல்லாரும் நம்புவாங்க. பழம் வாங்கிட்டு வருவாங்க, ஜெபம் சொல்லுவாங்க. தனலெட்சுமிக்கு இதுவரைக்கும் யாராவது ஒரு ஆப்பிள் வாங்கிட்டுப் போயிருப்பாங்களா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். சொன்னபடியே செமிலிங்கில் இருந்த அவர் வீட்டில் கடைசி மாதங்களில் பழத்துக்குக் குறைவே இல்லை. அண்டை வீட்டுக்குக் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது.

அடக்கத்தன்று வீடும் தேவாலயமும் நிறைந்திருந்தன. ஆய்வுக்கு வந்தவர்களில் வர முடிந்தவர்கள் வந்திருந்தார்கள். சேகர் பாடாங் மேஹாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தார். நம்மிடையே கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னித்துவிடுவார்கள், சாவுக்குப் போகாவிட்டால் தலைமுறைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அதுவும் ஒருவருக்கு இத்தனை செய்த டாக்டரின் சாவு. கல்லறைத் தோட்டத்தில் டாக்டரின் உறவுக்காரப் பெண் ஒருவர் சேகரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க தம்பி உங்க வீட்டுல? வரலையா?"

"வரலக்கா."

"டாக்டர் அவளுக்கு எவ்வளவு செஞ்சாங்க! கடைசியா ஒரு தடவை மூஞ்சியப் பாக்கத் தோணலையா?"

"நேத்து சேதி கேட்டதுலேருந்து அழுதா. அதுக்கே இன்னிக்கு எந்திரிக்க முடியல. வரணும்னுதான் சொன்னா. நான்தான் வேணாம்னுட்டேன்."

"கார்ல கூட்டிட்டு வந்தா சும்மா உக்காந்துதானே இருக்கப்போறா? அதுகூடவா முடியாது?"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு காய்ச்சலையாவது, மகளின் பரீட்சையையாவது சொல்லித் தப்பித்திருப்பான். மனைவியைக் குறை சொல்லித் தானும் நல்லவனாகியிருக்கலாம்.

"முடியாதுக்கா," என்றார் சேகர். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

பெட்டியை இறக்கினார்கள். வரிசையில் சேகரின் முறை வந்தபோது ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார். நகராமல் குனிந்து இன்னொரு பிடி எடுத்தார். "இது அவளோடது," என்று யாரிடமும் இல்லாமல் சொல்லி, அதையும் போட்டார்.

டாக்டர் பிலோமினாவின் ஆய்வு முடியவில்லை. வேறு யாராவது அதைத் தொடரலாம், தொடராமலும் போகலாம். அவர் எடுத்த படங்கள் ஆய்வை நடத்திய பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது சேகர் சொன்ன அந்த 'முடியாதுக்கா'வைத்தான். அதைச் சொல்லும்போது அவர் கையில் படம் எதுவும் இல்லை.